கைரேகை பார்த்துச் சுடும் துப்பாக்கியைக் கட்டாயமாக்கிய சட்டம் என்ன ஆயிற்று? (எங்கள் வீட்டுச் சண்டைக்காகக் கேட்கிறேன்)

எடிசன் மீனா:

வணக்கம். நான் இங்கே வழக்கமாக எழுதுவது தமிழ்ப்பள்ளி, வத்தக்குழம்பு, பனிக்காலத்தில் கறிவேப்பிலைச் செடியை எப்படிக் காப்பாற்றுவது, இப்படித்தான். இன்று துப்பாக்கியைப் பற்றிக் கேட்கப் போகிறேன். சிரிக்காதீர்கள்.

எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஒரு குஜராத்திக் குடும்பம். போன தீபாவளிக்கு அவர்கள் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் யாரோ பின்பக்கத்துக் கண்ணாடிக் கதவை உடைத்து உள்ளே போயிருக்கிறார்கள். நேரே படுக்கையறை, நேரே அலமாரி. மாமியாரின் வளையல், மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்தது, எல்லாம் போயிற்று. இந்திய வீட்டில் தங்கம் இருக்கும் என்று திருடனுக்குத் தெரியாதா என்ன. அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் இல்லை. கேமரா மாட்டினார். கதவுக்கு அலாரம் வைத்தார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஒவ்வொரு ஜன்னலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறார்.

போன மாதம் தமிழ்ப்பள்ளியில் கூட வேலை பார்க்கும் ஒருவர் போன் செய்து, "என்னங்க, உங்க வீட்டுக்காரர் நல்லவர்னு போலீஸுக்கு எழுதித் தரணுமாமே, எதுக்கு?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. நியூ ஜெர்சியில் துப்பாக்கி வாங்க அடையாள அட்டை வேண்டும். கைத்துப்பாக்கி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதிச் சீட்டும் வேண்டும். சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேர் சான்று சொல்ல வேண்டும். ஐயா என்னிடம் மூச்சு விடாமல் விண்ணப்பம் போட்டுவிட்டார். எச்1பியில் இருந்தவரை இந்தப் பேச்சே எழவில்லை, அந்த விசாக்காரர்களுக்குப் பொதுவாகத் துப்பாக்கி விற்கக் கூடாது. கிரீன் கார்டு வந்தது போன வருடம். அதற்கு நான்தான் கேசரி கிண்டினேன்.

மகளுக்கு 14, மகனுக்கு 9. மகன் எதையும் கழற்றிப் பார்ப்பவன். என் அம்மா வந்திருந்தபோது பீரோ சாவியை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தார். இரண்டாம் நாள் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டே வந்தான்.

"துப்பாக்கியே வேண்டாம்" என்று மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். பலிக்கவில்லை. பிறகு நானே இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டேன். அவர் கை பட்டால் மட்டும் சுடுகிற துப்பாக்கி என்றால் சரி, இல்லாவிட்டால் இல்லை. "அதெல்லாம் விளையாட்டுச் சாமான், கடையில் கிடைக்காது" என்றார். நான் தேடிப் பார்த்தால், நம் மாநிலத்தில்தான் 2002இலேயே அதைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டிருக்கிறார்கள்! சரி, கேட்டுவிடுவோம் என்று இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற பெரியவரிடம் கேட்டேன். சிரித்தார். கேலியாக இல்லை, இந்தக் கேள்வியை நிறையக் கேட்டுவிட்டவர் சிரிப்பு. "என்னிடம் இல்லை அம்மா" என்று சொல்லி, இழுப்பறையிலிருந்து சிவப்பு உறை போட்ட ஒரு கம்பிப் பூட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். சைக்கிளைப் பூட்டும் கம்பி மாதிரி, குட்டியாக. கைத்துப்பாக்கி விற்கும்போது இப்படி ஒரு பூட்டையாவது சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று 2005இல் மத்திய சட்டம் வந்ததாம். "கொடுக்க வேண்டியது என் வேலை, பூட்ட வேண்டியது உங்கள் வேலை. இதை இலவசமாகவே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

இருபது வருடத்துக்கு மேலாகச் சட்டம் இருந்தும் ஒரு கடையில்கூட ஏன் இல்லை? காரில் பெல்ட்டைக் கட்டாயமாக்கினார்கள், மாத்திரை டப்பாவுக்குக் குழந்தை திறக்க முடியாத மூடி போட்டார்கள், இதில் மட்டும் என்ன கஷ்டம்? இவர் வேறு, "சரி, துப்பாக்கியைப் பூட்டி வைக்க, விரல் வைத்தால் திறக்கும் கைரேகைப் பெட்டி ஒன்று ஆர்டர் பண்ணிவிடுகிறேன், அதுவும் அதே தொழில்நுட்பம்தானே" என்கிறார். துப்பாக்கி வைத்திருப்பவர்களும் பதில் சொல்லுங்கள், திட்ட மாட்டேன்.


ஹூஸ்டன் சேகர்:

சகோதரி, நான் 11 வருடமாக வைத்திருக்கிறேன். திட்ட மாட்டேன் என்று எழுதியதால் தைரியமாகச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை.

மதுரையில் என் அம்மாவுக்கு 74 வயது. ரேஷன் கடைக்குப் போனால் அந்த இயந்திரத்தில் அவர் விரல் பதியாது. துடைத்து வைப்பார், மறுபடி வைப்பார், வேறு விரலை வைப்பார், பின்னால் வரிசை முணுமுணுக்கும். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துத் தேய்ந்த ரேகை. அங்கே பதியாவிட்டால் அரிசி அரை மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவன் கதவை உடைத்துக்கொண்டு வரும்போது வியர்த்த கையை "மீண்டும் வைக்கவும்" என்று துப்பாக்கி சொன்னால்? துப்பாக்கி என்பது ஸ்பிரிங், கம்பி, இரும்பு. நூறு வருடத்துக்கு முந்தைய டிசைன் இன்றும் வெடிக்கிறது. அதற்குள் பேட்டரியைப் போடாதே என்று நாங்கள் சொல்வது முரட்டுப் பிடிவாதம் அல்ல.

இன்னொன்று. அந்த 2002 சட்டத்தில் போலீஸுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். இந்த ஆராய்ச்சி தொடங்கியதே போலீஸ்காரரின் துப்பாக்கியைப் பிடுங்கி அவரையே சுடுகிறார்கள் என்பதற்காக. 90களில் சாண்டியா என்ற தேசிய ஆய்வுக்கூடத்தில் அரசு செலவில் பார்த்தது அதைத்தான். யாருக்காகத் தொடங்கினார்களோ அவர்களுக்கே வேண்டாம், மீனாவுக்கு மட்டும் கட்டாயம் என்றால் என்ன நியாயம்?

கட்டாயம் என்றாலே எங்களுக்கு ஏன் சந்தேகம் என்று கேட்டால் கலிபோர்னியாவைப் பாருங்கள். சுடும்போது தோட்டாக்கூட்டின் மேல் துப்பாக்கியின் அடையாளத்தை நுண்ணிய எழுத்தில் பதிக்க வேண்டும் என்று 2007இல் சட்டம் போட்டு, 2013இல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். எந்தக் கம்பெனியும் அப்படிச் செய்யவில்லை. விளைவு, அதன்பின் பத்து வருடம், அந்த மாநிலக் கடைகளில் விற்க அனுமதித்த பட்டியலில் புது மாடல் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் ஏறவே இல்லை. 2023இல் கோர்ட் குறுக்கே வந்துதான் கதவு திறந்தது. பாதுகாப்பு என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் நினைப்பதற்கு இது போதாதா?

சரி, சண்டையை விடுங்கள். உங்களுக்கு உருப்படியாக ஒன்று. கைத்துப்பாக்கியின் பிடிக்குள்ளிருந்து மேகசினை, அதாவது தோட்டா அடுக்கிய கூட்டை, கழற்றிவிட்டால் காலி என்று நினைப்பார்கள். இல்லை. குழலின் அடியில், சேம்பரில், ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். மேகசினை மேசைமேல் வைத்துவிட்டு "காலிதான்" என்று விளையாட்டுக்கு விசையை இழுத்துப் போன உயிர்கள் எத்தனையோ. உங்கள் வீட்டுக்காரர் வாங்குகிறாரோ இல்லையோ, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். எங்கே பார்த்தாலும் தொடாதே, வெளியே போ, பெரியவரைக் கூப்பிடு.


பார்சிப்பனி தாத்தா:

மீனாம்மா, நான் 1999இலிருந்து இதே மாநிலத்தில் இருக்கிறேன். ஊர் பாளையங்கோட்டை. முப்பது வருடம் சின்னச் சின்ன இயந்திரங்களுக்குள் ஓடும் மென்பொருள் எழுதிச் சம்பாதித்தவன். அதனால் இந்தச் சட்டத்தின் கதையைப் பிறந்ததிலிருந்து செத்ததுவரை பார்த்தேன். ஆம், செத்துவிட்டது. 2019இல்.

2002 டிசம்பரில் கவர்னர் மெக்கிரீவி கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு வரி இருந்தது. அமெரிக்காவில் எந்த மூலையிலாவது ஒரு கடையில் இப்படிப்பட்ட கைத்துப்பாக்கி விற்பனைக்கு வந்துவிட்டால், மூன்று வருடம் கழித்து நியூ ஜெர்சிக் கடைகளில் வேறு வகைக் கைத்துப்பாக்கியே விற்கக் கூடாது. எழுதியவர்கள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருப்பார்கள். தொழில்நுட்பம் வரட்டும், தானாகச் சட்டம் விழித்துக்கொள்ளும். நடந்தது தலைகீழ். முதல் துப்பாக்கியை விற்கிறவன் நியூ ஜெர்சி முழுக்க மற்றத் துப்பாக்கிகளை ஒழித்தவன் ஆகிவிடுவான். பூனைக்கு மணி கட்ட எந்த எலி வரும்?

ஒரு ஜெர்மன் கம்பெனி வந்தது. ஆர்மாடிக்ஸ். ஐபி1 என்று சின்னத் தோட்டா போடும் ஒரு .22 பிஸ்டல், கூடவே ஒரு கைக்கடிகாரம். கடிகாரத்தில் ரகசிய எண்ணை அழுத்தி மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், அது பக்கத்தில் இருக்கும்வரை துப்பாக்கி வேலை செய்யும். ரேடியோ அலைதான், பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. இரண்டும் சேர்த்துக் கிட்டத்தட்ட 1,800 டாலர். 2014இல் மேரிலாந்தில் ராக்வில் என்ற ஊர்க் கடைக்காரர் ஒருவர் விற்கிறேன் என்று சொன்னார். அவர் துப்பாக்கி எதிர்ப்பாளர் இல்லை, தீவிரத் துப்பாக்கிப் பிரியர். வேண்டுமென்கிறவன் வாங்கட்டுமே என்றுதான் சொன்னார். கொலை மிரட்டல் போன்கள் வந்து குவிந்தன. உடனே பின்வாங்கிவிட்டார். மிரட்டியவர்களுக்குக் கோபம் அந்தக் குட்டி .22 மேல் அல்ல, நியூ ஜெர்சிச் சட்டத்தின் அந்த ஒரு வரி மேல்.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான லொரெட்டா வைன்பெர்க் அம்மாவே அந்த வருடம் இறங்கி வந்தார். துப்பாக்கிக்காரர்களின் சங்கமான என்ஆர்ஏ இந்தத் தொழில்நுட்பத்துக்குக் குறுக்கே நிற்காது என்றால் சட்டத்தை மாற்ற நான் தயார் என்றார். சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. வருடக் கடைசியில் மாநில அட்டர்னி ஜெனரல், ஐபி1 நம் சட்டத்தின் இலக்கணத்துக்குள் வராது என்று அறிவித்தார். காரணம் என்ன தெரியுமா? கடிகாரத்துக்குப் பத்து அங்குலத்துக்குள் இருந்தால் யார் கையில் இருந்தாலும் சுடும். அப்புறம் 2017இல் ஒருவர் பதினைந்து டாலர் காந்தங்களைப் பக்கவாட்டில் ஒட்டி, கடிகாரமே இல்லாமல் அதைச் சுட்டுக் காட்டினார். காந்தம்! ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவோமே, அதன் அண்ணன். நான் அன்றிரவு வெட்கப்பட்டேன், என் தொழில்காரர்கள் செய்த வேலை அல்லவா.

2019 ஜூலையில் கவர்னர் மர்பி பழைய வரியை நீக்கிவிட்டுப் புதுச் சட்டம் போட்டார். இப்போது கட்டாயம் வாங்குகிறவர் மேல் இல்லை. ஒரு குழு சோதித்து அங்கீகரித்த மாடல் வந்தபின், கடைக்காரர் மற்றவற்றோடு அதில் ஒன்றையாவது விற்பனைக்கு வைக்க வேண்டும், அவ்வளவுதான். கடைப் பெரியவர் சிரித்த சிரிப்பில் இத்தனை கதை இருக்கிறது.

சேகர் தம்பி, ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கட்டாயம்தான் கெடுத்தது என்று நீங்கள் சொல்வது நியூ ஜெர்சியில் சரி. ஆனால் முழுக் கதை அல்ல. 2000 மார்ச்சில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற பழைய துப்பாக்கிக் கம்பெனி, கிளிண்டன் அரசோடு ஓர் உடன்படிக்கை போட்டது. பூட்டு வைக்கிறோம், கைரேகை மாதிரியான ஆராய்ச்சிக்கு வருமானத்தில் இரண்டு சதவீதம் ஒதுக்குகிறோம் என்று. அப்போது நியூ ஜெர்சிச் சட்டம் பிறக்கவே இல்லை. இருந்தும் வாடிக்கையாளர்கள் புறக்கணித்தார்கள். 1987இல் 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கியிருந்த பிரிட்டிஷ் கம்பெனி, 2001இல் ஒன்றரைக் கோடி டாலருக்கும் கடன்பொறுப்புக்குமாகத் தள்ளிவிட்டது. அந்தப் பாடத்தை மற்றக் கம்பெனிகள் மறக்கவில்லை. இத்தனைக்கும் 1880களில் அதே கம்பெனி, பிடியை அழுத்திப் பிடித்தால்தான் சுடும் ரிவால்வரைச் செய்து நன்றாகவே விற்றது. பேட்டரியா இருந்தது அதில்? கட்டாயமும் பிடிக்காது, விருப்பப்பட்டுச் செய்தாலும் பிடிக்காது என்றால், பேட்டரி மேல்தான் சந்தேகம் என்பதை எப்படி நம்ப?

மீனாம்மா கார் பெல்ட்டைக் கேட்டாரே, அதற்கு நேர் பதில் இருக்கிறது. இங்கே நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்று உண்டு. தொட்டில், டோஸ்டர், பொம்மை, எது ஆபத்து என்றாலும் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைக்கும். துப்பாக்கி, தோட்டா பக்கம் அது போகக் கூடாது என்று 1976இல் காங்கிரஸ் வேலி போட்டுவிட்டது. பொம்மைத் துப்பாக்கியைக் கேள்வி கேட்கலாம், நிஜத்தைக் கேட்க முடியாது. இதனால் சாதாரணப் பாதுகாப்புகூடத் தேசம் முழுக்க வரவில்லை. தம்பி சொன்ன சேம்பர் விஷயத்தையே எடுங்கள். 1991இல் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் தற்செயல் சாவுகளை ஆராய்ந்தது. சின்னக் குழந்தையால் சுட முடியாத அமைப்பு ஒன்று, உள்ளே தோட்டா இருக்கிறது என்று காட்டும் அடையாளம் ஒன்று, இந்த இரண்டும் இருந்திருந்தால் அவற்றில் 31 சதவீதம் தடுத்திருக்கலாம் என்று எழுதியது. இரண்டும் வெறும் இரும்பு வேலை. எல்லோரும் கைரேகையைப் பற்றிச் சண்டை போடுகிறோம், உள்ளே தோட்டா இருப்பதைக் காட்டும் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் ஆர்டர் போடப்போகும் பெட்டிக்கு வருகிறேன். தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

நாலு வருடத்துக்கு முன் என் மகன் துப்பாக்கி வாங்குவதாக இருந்தான். துப்பாக்கி வருவதற்கு முன்பே கைரேகைப் பெட்டி வந்துவிட்டது. கம்பெனி பெயர் வேண்டாம். வந்த பெட்டி சும்மா இருக்கிறதே என்று பாஸ்போர்ட்டுகளையும் என் மனைவியின் இரட்டைவடச் சங்கிலியையும் வைத்தோம். நான்தான் ரேகையைப் பதிவு செய்தேன். விரலை வைத்தேன், பீப், மறுபடி வைத்தேன், பீப். திறந்தது. அப்பாடா என்று மூடினேன். இரண்டு வாரம் நானும் மகனும் திறந்து மூடினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு வயதுப் பேரன் பக்கத்தில் வந்து, முறுக்கு தின்ற எண்ணெய் விரலை வைத்தான். கிளிக். திறந்துவிட்டது. என் மனைவியைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னேன், திறந்தது. என் கால் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், சத்தியமாக, அதற்கும் திறந்தது.

கையேட்டைத் தேடி எடுத்துப் படித்தேன். ஐந்தாம் பக்கம், எறும்பு எழுத்து. ரேகை முழுமையாகப் பதிவாகும்வரை எந்த விரலுக்கும் திறக்கும். மூன்று பீப் கேட்டால்தான் முழுமை. எனக்கு இரண்டுதான் கேட்டிருந்தது. கடையில் ஆள் திறந்து காட்ட வசதியாக அப்படி வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நானே இந்த மாதிரி மென்பொருள் எழுதியவன், எனக்கே தெரியவில்லை. சத்தமாகப் பூட்டுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, என் விரலுக்குத் திறக்கிறது. அடுத்தவன் விரலுக்குத் திறக்கவில்லையா என்று யார் சோதிப்பார்கள்?

என் வீட்டில் மட்டும் நடந்த கதை என்று நினைத்திருந்தேன். 2023 அக்டோபரில் செய்தி பார்த்தபோது கை நடுங்கியது. வேறொரு கம்பெனியின் கைரேகைப் பெட்டிகள், சுமார் 61,000, திரும்பப் பெறச் சொல்லி அதே நுகர்வோர் ஆணையம் அறிவித்திருந்தது. பதிவாகாத விரலுக்கும் திறக்கிறது என்று. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அதில் இறந்திருந்தான். பெட்டி என்பதால் ஆணையத்தால் தலையிட முடிந்தது. உள்ளே இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேச அதற்கு அதிகாரம் இல்லை.

மகன் கடைசியில் துப்பாக்கி வாங்கவில்லை. பெட்டியில் இப்போது என் மனைவி மாத்திரை வைத்திருக்கிறாள். பூட்டுவதில்லை.


ஹூஸ்டன் சேகர்:

தாத்தா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அந்தப் புறக்கணிப்பில் எங்கள் பக்கமும் அசடு வழிந்தது. ஆனால் ஒன்று, புதுசாகவும் வந்திருக்கிறது. கொலராடோவில் பயோஃபயர் என்று. பதினைந்து பதினாறு வயதில் அறிவியல் கண்காட்சிக்காகத் தொடங்கிய பையன், 2023இல் 9 எம்எம் பிஸ்டலாகவே அறிவித்தான். பிடியில் கைரேகை, பின்பக்கம் முகம் பார்க்கும் கேமரா, இரண்டில் எது ஒத்துவந்தாலும் திறக்கும், கீழே வைத்தால் பூட்டிக்கொள்ளும். அப்போது சொன்ன விலை 1,499 டாலர். யார் வேண்டுமானாலும் வாங்கட்டும், நான் மறுக்கவில்லை. கட்டாயப்படுத்தாதே என்பதுதான் என் கட்சி. 2017 மதிப்பீட்டின்படியே நாட்டில் மக்கள் கையில் 39 கோடித் துப்பாக்கி இருந்தது. நாளைக்குச் சட்டம் வந்தாலும் அவை அலமாரியிலேயேதான் இருக்கப் போகின்றன.

இன்று என் பெட்டியை, எண் பூட்டுள்ளது, மனைவி கையில் கொடுத்து எண் தெரியாமல் திறக்க முடிகிறதா பார் என்றேன். பத்து நிமிடம் முயன்றாள். திறக்கவில்லை. ஆனால் என் எண்ணை மூன்றாவது தடவையில் ஊகித்துவிட்டாள், கல்யாண நாள். மாற்றிவிட்டேன்.


பிலடெல்பியா கலா:

குழந்தைகள் அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். மற்றவர்கள் தொழில்நுட்பம் பேசிவிட்டார்கள், நான் இரண்டு விஷயம் மட்டும்.

மீனா, எழுதியது முழுக்க உங்கள் ஒன்பது வயது மகனைப் பற்றி. சாவியைக் கண்டுபிடிப்பவன், கழற்றிப் பார்ப்பவன். எனக்கு உங்கள் பதினாலு வயது மகளைப் பற்றித்தான் கவலை. அவள் எதையும் கழற்ற மாட்டாள், எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் சும்மா இருப்பாள், ஒரு மோசமான நாள் வரும்வரை. 2020இலிருந்து இந்த நாட்டில் பிள்ளைகளும் பதின்வயதினரும் சாகும் காரணங்களில் துப்பாக்கிதான் முதலிடம். எல்லா வயதையும் சேர்த்தால் 2021இல் 48,830 பேர், அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கு மேல். பதின்வயதுப் பிள்ளைகள் எடுப்பது பெரும்பாலும் சொந்த வீட்டுத் துப்பாக்கியை. சாக வேண்டும் என்ற அந்த நேரத்து வேகம் கொஞ்ச நேரத்தில் தணியக்கூடியது, அதற்குள் கைக்கு எட்டாமல் இருந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்வாள். இதற்குக் கைரேகைத் துப்பாக்கி உண்மையிலேயே உதவும். சேகர் அண்ணா, இந்தக் கணக்கையும் ராத்திரி இரண்டு மணித் திருடனோடு சேர்த்துப் போடுங்கள்.

ஆனால் உரிமையாளர் விரலுக்கு அது எப்போதும் திறக்கும். இரண்டாவது விஷயம் அதுதான். உங்கள் வீட்டுக்காரர் தீபாவளியிலிருந்து தூங்கவில்லை, நடு இரவில் எழுந்து ஜன்னல் ஜன்னலாகத் தொடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கதையில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அதை முதலில் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தூக்கம் கெட்ட மனிதரின் கைக்குப் பக்கத்தில் எந்தத் துப்பாக்கியும் வேண்டாம், ஸ்மார்ட்டோ மொண்ணையோ. யாருக்காவது மனசு ரொம்பக் கனத்தால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம், நடு இரவிலும் எடுப்பார்கள்.

அப்புறம், உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் போகிற வீட்டில் இருக்கலாம். நான் என் மகனை எங்கே விட்டாலும் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவேன். வேர்க்கடலை அலர்ஜி இருக்கு, அப்புறம் வீட்டில் துப்பாக்கி இருக்கா, பூட்டியிருக்கா? ஒரே மூச்சில் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.


எடிசன் மீனா:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாக எழுத முடியவில்லை.

முழுவதையும் இவரிடம் படிக்கக் கொடுத்தேன். சேகர் அண்ணா எழுதியதை மட்டும் சத்தமாகப் படித்தார், "பார்த்தாயா" என்று. தாத்தாவின் கால் கட்டைவிரலுக்கு விழுந்து விழுந்து சிரித்தார். கலா எழுதியதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது, "டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடு" என்றார். வாங்கிவிட்டேன். பெட்டி ஆர்டர் ரத்து. விண்ணப்பத்தை ரத்து செய்யவில்லை, அதை நானும் கேட்கவில்லை. தமிழ்ப்பள்ளிக்காரர் இன்னும் சான்று எழுதவில்லையாம், "யோசிக்கிறேன்" என்கிறார். அவசரமில்லை என்று நான் சொன்னதாக இவரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். நகையெல்லாம் வங்கி லாக்கருக்குப் போய்விட்டது. தாலியும் இரண்டு வளையலும்தான் வீட்டில்.

போன சனிக்கிழமை மகனை அவன் சிநேகிதன் வீட்டில் விடப் போனேன். நாலு வருடமாகப் போகிற வீடு. கோயம்புத்தூர்க்காரர்கள், என் கொலுவுக்குச் சுண்டல் கிண்டிக் கொண்டு வருகிறவள். கலா சொன்ன மாதிரியே செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டுவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள், திரும்பாமலே சொன்னாள்.

"இருக்கு. மாடியில, அலமாரியில, பட்டுப்புடவைக்குப் பின்னாடி. கோவிட் சமயத்துல வாங்கினது. பூட்டுன்னு ஒண்ணு கொடுத்தாங்க, எங்க வச்சேன்னு தெரியல."

பையன்கள் இரண்டு பேரும் அப்போது மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கீழே கூப்பிட்டேன். அன்று முழுக்கக் கொல்லைப்பக்கம்தான் விளையாட்டு. கடைப் பெரியவர் கொடுத்த சிவப்புக் கம்பிப் பூட்டு இத்தனை நாளும் என் சமையலறை இழுப்பறையில், இடுக்கிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நாளைக்கு அவள் வீட்டுக்குக் கொண்டு போகிறேன். சேகர் அண்ணா, சேம்பரைக் காலி செய்துவிட்டுத்தானே கம்பியை உள்ளே விட வேண்டும்? அதை அவள் கணவர்தான் செய்ய வேண்டும், நான் தொடப் போவதில்லை. எந்த வழியாக விடுவது என்று மட்டும் எழுதுங்கள், அவருக்கு அனுப்பிவைக்கிறேன்.